கனம் ஒண்ணு

குளிர்காலக் கைவினைச் சந்தை என்று
அட்டையில் அச்சிட்டிருந்தார்கள்.
பாளையங்கோட்டை, பள்ளிக்கூட ஹால், இரண்டு நாள்.
வாசலில் பஞ்சைப் பிய்த்து ஒட்டிய பனி.
முதல் ஒரு மணி நேரத்திலேயே மழை அதை
நனைந்த பூனையாக்கிவிட்டது.

எங்கள் பக்கத்துக் குளிர்காலம் என்பது
காயாத துணி.
எனக்குக் காயாத மண்ணும்.
காருகுறிச்சியிலிருந்து மூட்டையில் வந்த மண்ணை
ஐப்பசியிலிருந்து பிசைகிறேன்.
ஜிமிக்கி, தோடு, மாலைக்கு மணி.
உருட்டி வைத்தது உருட்டி வைத்தபடி
நாக்கு மாதிரி ஈரமாகவே கிடந்தது.
இன்வெர்ட்டர் தலையில் ஒரு தட்டு,
ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் ஒரு தட்டு,
செட்டாப் பாக்ஸ் மேல் பன்னிரண்டு மணி.
தேவசித்தம் டிவியை நிறுத்தப் போனால்
"அணைக்காதிய, மணி காயுது" என்பேன்.
அவரும் பாவம்
யாரோ சமைப்பதை நடுராத்திரி வரை பார்த்தார்.

பெங்களூரில் ஒருத்தி
பனித்துகள் வடிவில் தோடு கேட்டிருந்தாள்.
படம் அனுப்பினாள்: ஆறு கை, கைக்கு மூன்று விரல்.
நான் தொட்டுப் பார்த்த பனியெல்லாம்
சேமியா ஐஸ் மேல் படிந்த வெள்ளைப் பொடிதான்.
ஊசியால் கீறிக் கீறிச் செய்து முடித்தேன்.
இவர் பார்த்துவிட்டுக் கேட்டார்:
"ஃபேனா?"

சுட்ட அன்றைக்கும் தூறல்.
மொட்டைமாடி, பழைய பெயிண்ட் டின்,
மரத்தூள், சிரட்டை.
நான் ஊதினேன், அவர் குடை பிடித்தார்,
எனக்கில்லை, நெருப்புக்கு.
எதிர்வீட்டு மாடியில் கொடி அவிழ்க்க வந்தவள்
வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள்.

டொப்.
உள்ளே எங்கோ ஈரம் ஒளிந்திருக்கிறது.
டொப். டொப்.
எண்ணிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன், ஒன்பது.
காலையில் சாம்பலைக் கிளறினால்
பார்த்துப் பார்த்துப் பொறுக்கியதுபோல
ஜோடிக்கு ஒன்றாகப் போயிருந்தது.
ஒன்பது ஒற்றை.
பெங்களூர்க்காரிக்குப் பணத்தைத் திருப்பி அனுப்பினேன்.
ஒற்றைகளை பிஸ்கட் டப்பாவில் போட்டு
சந்தையில் மேசைக்குக் கீழே, காலோடு வைத்திருந்தேன்.

இரண்டாம் நாள் சாயங்காலம்
புர்கா ஓரமெல்லாம் சேறாக ஒரு அம்மா.
செய்யதலி பாத்திமா, மேலப்பாளையம்.
மகள் நர்சிங் படிக்கிறாள்,
ஹாஸ்டல் அறையில் கூட நாலு பிள்ளைகள்,
நாலு பேருக்கும் கிறிஸ்மஸ் லீவுக்கு முன்னால்
ஏதாவது கொடுத்துவிட வேண்டும்.
மேசையில் இருந்ததையெல்லாம் விலை கேட்டாள்,
எல்லாவற்றுக்கும் உதட்டைப் பிதுக்கினாள்.
"கீழ என்ன ஒளிச்சி வச்சிருக்கிய?"

காட்டினேன். ஜோடி கிடையாதும்மா என்றேன்.
அவள் டப்பாவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.
பீடிக் கட்டில் ஒன்று குறைந்தால்
பிரிக்காமலே சொல்கிற விரல்கள்.
இரண்டிரண்டாக எடுத்து உள்ளங்கையில் வைத்து
கண்ணை மூடிக்கொண்டாள்.
இலைத்தோட்டை மாங்காயோடு.
மணியை மீனோடு.
"நெறம் வேற, உருவம் வேற. கனம் ஒண்ணு.
காதுக்குக் கனந்தானம்மா தெரியும்.
ரெண்டு காதையும் ஒரே நேரத்துல
எவ பாக்கப் போறா?"

பாதி விலை சொன்னேன்.
அதிலும் நாற்பது ரூபாய் குறைத்தாள்.
எட்டை எடுத்துக்கொண்டு,
அந்த ஆறுகைக்காரியைத் தூக்கிப் பார்த்து
"இதுக்கு இங்க ஜோடி இல்ல" என்று
திருப்பிப் போட்டுவிட்டுப் போனாள்.

இருபத்து மூன்றாம் தேதி ராத்திரி ஒன்றரை மணிக்கு
கேரல் ரவுண்டு வந்தது.
மழைக்கோட்டுப் போட்ட பையன்கள்,
பிளாஸ்டிக் உறை மாட்டிய டிரம்.
பாட்டு முடிந்து, ஜெபம் முடிந்து
கேக் தட்டை நீட்டும்போது
டார்ச் பிடித்திருந்த பொடியன்
என் முகத்தில் ஒருமுறை வெளிச்சத்தை அடித்தான்,
இந்தப் பக்கம், அந்தப் பக்கம்.

"அக்கா, கம்மல் மாத்திப் போட்டிருக்கிய."

இல்லையே என்றேன்.
ஒரு காதில் கல்யாணத்துக்குப் போட்ட கல்தோடு.
மறுகாதில் ஃபேன்
மெதுவாகச் சுற்றியது.