காலை உணவு உட்பட

மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குக் கீழே,
ஏழாம் தூணுக்கு எதிரே
ஷாஜுவின் டிராவல்ஸ்.
மேலே பஸ் போகும்போதெல்லாம்
மேசைக் கண்ணாடி நடுங்குகிறது.
கண்ணாடிக்குள் சிங்கப்பூர் நடுங்குகிறது.

இருபத்தைந்து வருஷம் ஆயிற்றே, எங்கேயாவது போங்கள் என்று
மஸ்கட்டிலிருந்து ஜெரின் பணம் அனுப்பியிருக்கிறான்.
எங்கேயாவது என்பது
டென்னிசனுக்குப் பாதை தெரியாத ஊர்.
ரப்பர் ஷீட்டை வெயிலில் தூக்கிப் பிடித்தே
தரம் சொல்லிவிடுகிற மனுஷர்
மூன்று ஓட்டல் படங்களையும்
அதே மாதிரி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்கிறார்.

ஒன்று கோவாவில்.
ஒன்று காட்மாண்டு; குளிர் அவருக்கு ஆகாது.
ஒன்று கொழும்பு:
திருவனந்தபுரத்தில் ஏறினால்
சீட் பெல்ட் பழகுமுன் இறக்கிவிடுவார்கள்.
மூன்றிலும் கேசினோ உண்டு.

"கடல் பாத்த ரூம் வேணுமா அண்ணே?
நாலாயிரம் கூடும்."
டென்னிசன் சிரித்தார்.
குளச்சலில் பெண் எடுத்தவரிடம்
கடலை விற்கிறான் பையன்.

"எதுக்கு கேசினோ ஓட்டல்?" என்று கேட்டேன்.
கேட்க வேண்டியவள் நான்தானே,
சபைப் பெண்கள் ஐக்கியத்தின் பொருளாளர்.
அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்:
"நாம உள்ள போவண்டாம், கேட்டியா.
சும்மா தங்குனா போதும்.
ரூம் வாடகை பாதி, சாப்பாடு சும்மா.
மீதிய சூதாடுகவன் கெட்டுவான்."

எனக்கு அந்த ஆளைத் தெரியும்.

வெள்ளிக்கிழமை தோறும்
தேன் சங்கத்துக் கணக்கை நாலு மணிக்கு மூடிவிட்டு
களியக்காவிளை தாண்டி
பாறசாலைக்கு டிக்கெட் எடுப்பவள்.
பஸ்ஸில் ஒரு டிக்கெட், இறங்கியதும் இன்னொன்று.
எல்லைக்கு இந்தப் பக்கம் அது குற்றம்,
அந்தப் பக்கம் அரசாங்கம்.
நடுவில் ஒரு செக்போஸ்ட்,
வாழைக்குலை லாரிகள்,
யாருக்கும் வழிவிடாத ஒரு ஆடு.
பாறசாலையில் ஓர் அக்கா இருப்பது
எவ்வளவு வசதி!

பதினோரு வருஷம்.
கடைசி இரண்டு இலக்கம் ஒத்து வந்து
மூன்றாவது மட்டும்
பக்கத்து வீட்டில் போய் உட்கார்ந்துகொண்ட சனிக்கிழமைகள்.
ஒரே ஒரு தடவை ஐயாயிரம்.
சங்கத்தில் போனஸ் என்றேன்.
ஜெரின் ஓட்டிய சிவப்பு சைக்கிள் அது.
பிரேக் கடைசிவரை சரியாகப் பிடிக்கவில்லை.

கொழும்புப் படத்தில் பச்சை மேசை,
அதன்மேல் அடுக்கிய சில்லுகள்
தேன்குப்பி மூடிகள் மாதிரி
நீலம், மஞ்சள், கறுப்பு.
எண்ணத் தொடங்கிவிட்டேன்;
தொழில் பழக்கம்.

"அந்தச் சூதாடுகவன் எப்பிடி இருப்பான்?"
"தாடி இரிக்கும். கடன் இரிக்கும்.
உறக்கமில்லாம கண்ணு ரெண்டும் செவந்து..."
என் முகத்தைப் பார்த்தபடியேதான் சொன்னார்.
நான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி
முந்தானையில் துடைத்தேன்.

ஷாஜுவிடம் ஒன்றே ஒன்று கேட்டேன்:
காலைச் சாப்பாட்டுக்கு எந்த வழியாகப் போகணும்?
கோவாவில் தனிக் கட்டிடமாம்.
காட்மாண்டுவில் மொட்டைமாடி.
"கொழும்பில மட்டும் கொஞ்சம் இடஞ்சல், அக்கா.
லிப்ட் திறக்கதே ஆட்ட ஹாலிலதான்.
அதைக் கடந்தாத்தான் இட்லி.
ஜன்னல் இல்ல, கடிகாரம் இல்ல,
ராவா பகலான்னே தெரியாது.
கண்ண மூடிட்டு நடந்தா ஒரு நிமிஷம்."

"கண்ண மூடிட்டே நடப்போம்," என்றார் டென்னிசன்.
"கொழும்பே இருக்கட்டும்," என்றேன்.

இத்தனை சீக்கிரம் நான் எதையும் முடிவு செய்து
அவர் பார்த்ததில்லை.
புடவைக் கடையில் பட்ட பாட்டை நினைத்தாரோ என்னவோ,
சந்தோஷமாகப் பேனாவைத் திறந்தார்.
பாஸ்போர்ட் நகலில் சுகந்தபாய்
யாரையும் ஏமாற்றாத முகத்தோடு
நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வெள்ளிக்கிழமை ஃப்ளைட்தான் வில கொறவு, போடட்டா?"

"வெள்ளி வேண்டாம்," என்றேன்.
"அக்காவுக்கு முட்டுவலி."