வலது கட்டைவிரல்

சசூன் டாக்கில் மூன்று மணிக்கு ஐஸ் உடைக்கும் சத்தம்தான்
எங்கள் வரிசை முழுதுக்கும் அலாரம்.
பதினொன்றுக்குத் திரும்பினால்
தகரக் கதவில் சிவப்புப் பெயின்டில் ஓர் எண்.
பக்கத்தில் நோட்டோடு ஒரு பையன்,
மூக்கைப் பொத்தலாமா வேண்டாமா என்ற யோசனையில்.

நாவ் என்றான்.
இசக்கித்தாய் என்றேன்.
ஈசாக் என்று தொடங்கி, அடித்து, மறுபடி கேட்டான்.
அடுத்த வீட்டு ஹீராபாய் மராத்தியில் என்னவோ சொன்னாள்.
சிரித்தான், எழுதினான்.
என்ன எழுதினானோ, இனி அதுதான் நான்.

பிறகு அந்தக் கறுப்புக் கருவியை நீட்டினான்:
அங்கூட்டா.
வைத்தேன். சிவப்பு விளக்கு.
சேலையில் துடைத்து வைத்தேன். சிவப்பு.
எலுமிச்சை தேய்த்துக்கொண்டு வா என்றான்.
பதினேழு வருஷமாய் அதைத்தானே தேய்க்கிறேன் தம்பி,
பஸ்ஸில் என் பக்கத்து சீட்டில்
யாராவது வந்து உட்காரட்டும் என்று.

இறால் உரித்துப் பார்த்திருக்கிறாயா?
தலையைத் திருகு. ஓட்டைக் கழற்று.
முதுகுக் கறுப்பு நரம்பை அறாமல் இழு.
ஐஸ் தண்ணீரில் விரல் பத்தும் இருக்கின்றனவா என்று
வெளியே எடுத்துத்தான் பார்க்க வேண்டும்.
ஒரு டப் நிறைந்தால் ஒரு தகர டோக்கன்.
கொம்பு குத்தி ரத்தம் வந்தால்
முகாதம் ஓடி வந்து பார்ப்பான்,
இறாலில் பட்டதா என்று.
ஏற்றுமதிச் சரக்கு.
என் ரேகையும் அதோடு போயிருக்கும்.
எந்த ஊருக்கென்று பெட்டிமேல் எழுதியிருப்பார்கள்,
எனக்குப் படிக்க வராது.

இடது கை? அது பிடிக்கும் கை,
அதுவும் வழுக்கை.
ஒவ்வொன்றாய் வைக்கச் சொன்னான், பாவம்,
அவனுக்கும் வெயில், அவனுக்கும் மேலே ஒருத்தன்.
பத்தாவதாக
வேலைக்கு ஆகாமல் ஒதுங்கியே நிற்கும் சுண்டுவிரல்.
பச்சை!
வரிசையே கைதட்டியது.
ஹீராபாய் என் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள்.

பையன் மட்டும் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.
சுண்டுவிரலுக்குக் கட்டம் இல்லையாம்.

ஜூன் பிறந்தால் படகெல்லாம் கரையில்,
டாக்கில் நாய்கள் மட்டும்.
கொலாபா ஓட்டல் ஒன்றில் தட்டுக் கழுவப் போவேன்.
அப்போது கட்டைவிரலில்
கோலம் அழிந்த வாசல்போல
ரெண்டொரு கோடு தெரியும்.
ஜூலைக் கடைசியில் வாயேன் தம்பி,
ரேகை இருக்கும்,
டீ கொடுக்கத்தான் எதுவும் இருக்காது.

வெள்ளிக்கிழமை லிஸ்ட் மூடிவிடும் என்றான்.
மூடுவதைப் பற்றி அவனுக்கும் அவ்வளவுதான் தெரிந்திருந்தது.

ரெண்டாவது லோடு வந்துவிட்டது, ஹாரன் கேட்கிறது.
ஹீராபாய் முன்னால் ஓடிவிட்டாள்
குழாயடியில் எனக்கும் சேர்த்து இடம்பிடிக்க.
எண்ணில் பெயின்ட் இன்னும் காயவில்லை.
கதவைச் சாத்தும்போது
கட்டைவிரல் பட்டுவிட்டது,
சிவப்பாய், மொழுக்கென்று,
ஒரு கோடும் இல்லாமல்.