சிறு காயம்

"டாக்டர் இல்லையா?"
மூக்கையூரில் ஆறு வருடமாக இதுதான் என் பெயர்.
இல்லை என்று சொல்லிக்கொண்டே
கையுறையை மாட்டுவேன்.

காலையில் கித்தேரியான்.
கட்டைவிரலில் தூண்டில், கண்ணில் நேற்றைய சரக்கு.
இழுக்காதீங்க, வந்த வழி போகாது என்றேன்.
"எனக்கா சொல்ற தாயி,
கொளுவு பாத்து வாங்கினதே நான்தான்."
மரத்துப்போக ஊசி போட்டு
முன்னே தள்ளி, முனையை நறுக்கி, பின்னே உருவினேன்.
மிச்சக் கம்பியைக் கழுவித் தரச் சொல்லி
சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

பிறகு பாசி எடுக்கும் அங்காளேஸ்வரி.
விரல் துணிகளைப் பிரித்தால்
பார் கிழித்த கோடுகள்,
ஆறியதன் மேலேயே புதியவை.
கழுவக் கழுவச் சுண்ணாம்புத் துகள் வந்தது.
பத்து நாள் தண்ணியில இறங்கக் கூடாது.
"இந்த வத்தத்த விட்டா
அடுத்த பௌர்ணமிதான் சிஸ்டர்"
என்று, ஏதோ நான் நிலாவுக்கும் பொறுப்பு போல.

முன்பெல்லாம் இவர்களுக்கும் சீட்டுத்தான்:
மேல்சிகிச்சைக்கு அனுப்பப்படுகிறது.
கை நினைக்காமலே எழுதும் வரி.
பஸ்ஸுக்குக் காசில்லாமல்
பாதிப்பேர் வீட்டுக்குத் திரும்புவார்கள்.
அப்புறம் மதுரையில் எட்டு மாதம்.
வாழைப்பழத் தோலில் தையல் பழகினேன்.
பழத்தைத் தின்றுவிட்டு அடுத்த தோல்.
திரும்பி வந்தபோது அறை வாசலில்
'சிறு காயங்கள்' என்று பலகை மாட்டியிருந்தார்கள்.

சாயங்காலம் ரெமிஜியுஸ் நடந்தே வந்தான்,
இடுப்புக்கு மேல் துண்டை அமுக்கியபடி.
"திருக்கதான். சுடுதண்ணி வைங்க, போயிரும்."
சரியாகத்தான் சொன்னான்.
எத்தனை பாதங்களை வாளியில் இறக்கியிருக்கிறேன்,
முழங்கையால் சூடு பார்த்து.
தண்ணீரும் வைத்துவிட்டேன்.

துண்டை எடுத்தால்
மொச்சைக்கொட்டை அளவு ஓட்டை.
ரத்தம் அதிகமில்லை.
வயிறு மட்டும் பலகையாக இறுகிக் கிடந்தது.
நாடி ஓடியது. உதடு வெளுத்திருந்தது.
"சின்னதுதானே சிஸ்டர்?"

இரண்டு கையிலும் சலைன் ஏற்றி
நூற்றெட்டைக் கூப்பிட்டேன்.
அந்தப் பழைய வரியை எழுதினேன்,
முதல்முறையாக, ஒவ்வொரு எழுத்தையும் நினைத்து.

ராத்திரி பதினொன்றேகாலுக்கு
ராமநாதபுரத்திலிருந்து போன்.
"குடல்ல ஓட்டை. இப்பத்தான் தச்சு முடிச்சோம்.
அனுப்பின டாக்டர் யாரும்மா?"

டாக்டர் இல்லை, என்றேன்.

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் ஏதோ மின்விசிறிச் சத்தம்.

வாளித் தண்ணீர் எப்போதோ ஆறியிருந்தது.
கொட்ட மனமில்லாமல்
செருப்பைக் கழற்றி
என் கால்களை வைத்துக்கொண்டேன்.