உப்பு ஜாடி இருக்கும் இடம்

முப்பத்தோரு வருடம்
போத்தி துறைமுகத்துக்கும் யெரெவானுக்கும்
லாரி ஓட்டிய நீ
நம் சமையலறை நடுவில் நின்று
கத்தி எங்கே என்று கேட்கிறாய்.

இரண்டாவது இழுப்பறையில், ஜும்பர்.
குத்தாயிஸிக்கு நாம் வந்த நாளிலிருந்து
அங்கேதான் இருக்கிறது.

இந்த நாலாம் மாடி அடுப்படி
ஒரு ஆளுக்கென்று கட்டியது.
திரும்பினால் உன் தோள்,
குனிந்தால் உன் முழங்கால்.
'ரிவர்ஸ், ரிவர்ஸ்' என்று
நீயே உனக்குச் சொல்லிக்கொண்டு
கதவுவரை பின்வாங்குகிறாய்,
கையில் ஒரு கட்டு பீட்ரூட் கீரையோடு.

வழியோரக் கடைகளில் இத்தனை காலம்
வெண்ணெய் வழியும் சீஸ் ரொட்டி.
அதற்கெல்லாம் சேர்த்து
டாக்டர் மாக்வாலா ஒரே சீட்டில் எழுதிவிட்டாள்.
கொழுப்பு குறை. நட.
உப்பு: அடிக்கோடு, இரண்டு முறை.

அவளுக்கென்ன, சமவெளிக்காரி.
நான் ஸ்வானேத்தி மலையில் பிறந்தவள்.
பூண்டு, மல்லி விதை, நீல வெந்தயம்,
காய்ந்த செண்டுமல்லி இதழ்,
எல்லாம் இடித்துச் சேர்க்காமல்
உப்பைத் தனியாக மதிக்கமாட்டோம் நாங்கள்.
இப்போது மற்றதெல்லாம் இருக்கிறது,
உப்பு மட்டும் வரவில்லை கல்யாணத்துக்கு.

உப்பில்லாமல் இடித்துப் பார்த்திருக்கிறீர்களா யாராவது?
பூண்டு அடங்காது.
வழுக்கி, உரலைச் சுற்றி ஓடி,
ஒரு பல் உன் நெற்றியில் வந்து விழுந்தது.
அந்த வாரத்தில் நாம் சிரித்தது
அது ஒன்றுக்குத்தான்.

உப்பிட்டவளை உள்ளளவும் நினைப்பார்களாம்.
உப்பை நிறுத்தியவளை?

முதல் நாள் பீன்ஸை
சுங்க அதிகாரி பெட்டியைத் திறப்பதுபோல்
கரண்டியால் கிளறிக் கிளறிப் பார்த்தாய்.
'நன்றாயிருக்கிறது' என்றாய்.
'ஆமாம்' என்றேன்.
பொய் சொல்வதிலாவது
அன்று நமக்குள் ஒற்றுமை இருந்தது.

பிறகு எப்போது என்று தெரியவில்லை,
கீரையில் மண் இருக்குமென்று
ஏழு தண்ணீர் மாற்ற ஆரம்பித்தாய்.
அக்ரூட் உடைத்து உடைத்து
உன் விரல்நுனிகள் கறுத்தன.
டீசலோ என்று முகர்ந்து பார்த்தேன்.
கீரையை வேகவைத்து, பிழிந்து,
அக்ரூட் விழுதில் பிசைந்து உருட்டும்போது
'காடி இன்னும் கொஞ்சம்' என்றாய்.
மேலே மாதுளை முத்து.
புளிப்பில் ஒரு வழி இருக்கிறதென்று
கண்டுபிடித்தது நீதான், சொல்லிவிடுகிறேன்.
காரட்டை மட்டும் இன்றைக்கும்
விறகு மாதிரிதான் வெட்டுகிறாய்.

இனி என் குற்றம்.

ஜாடியை நான் கொட்டவில்லை.
அலமாரியின் உச்சியில்,
ஊறுகாய் மூடிகளுக்குப் பின்னால் வைத்தேன்.
நீ தூங்கியதும்
நாற்காலி போட்டு ஏறி எடுத்து,
மிஞ்சிய சோள அடையில் தூவி
ஜன்னலோரம் நின்று தின்றேன்.
கீழே ரியோனி ஆறு,
பாலத்தில் ஒரே ஒரு டாக்சி.
அறுபது வயதில் திருட்டு!
எத்தனை ருசி அது.

போன புதன்கிழமை
என் தட்டின் விளிம்பில்
பாதி அக்ரூட் ஓடு ஒன்று.
அதற்குள் ஒரு சிட்டிகை,
மஞ்சளும் செம்மையும் கலந்த எங்கள் ஊர் உப்பு.

நீ நிமிரவே இல்லை.
'நாற்காலி தினமும் ஒரு ஜாண் நகர்ந்திருக்கிறது'
என்றாய் பீன்ஸிடம்.
'சீட்டில் என் பெயர்தானே இருக்கிறது.'

தொடலாமா வேண்டாமா என்று
கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
தொட்டுக்கொண்டேன்.
கண் கரித்தது.
உப்பு என்றால் கரிக்கத்தானே செய்யும்.

இரவு படுத்த பிறகு
'நாளைக்கு பீன்ஸ் ஊறப்போட்டாயா' என்றாய்.
மறந்துவிட்டேன்.
நீ எழுந்து போனாய்.

விளக்குப் போடவில்லை.
கதவு, மூன்று எட்டு, இடது பக்க அலமாரி.
எதையும் இடிக்காமல்
எதையும் கேட்காமல்,
இருட்டில்,
பாத்திரத்தில் பீன்ஸ் விழும் சத்தம்.