உங்கே

போர்வெனீரில் காலை ஆறு இருபது.
படகுத்துறை அலுவலகக் கண்ணாடியைக்
காற்று பிடித்து உலுக்குகிறது.
வெளியே செம்மறியாடு ஏற்றிய மூன்று லாரிகள்,
ஒரு பால்வண்டி,
பல்வலியோடு ஒரு பள்ளி ஆசிரியர்.
நீரிணையைக் கடக்க எல்லாருக்கும் சீட்டு வேண்டும்.
சீட்டுத் திரை திறக்க ஓர் எண் வேண்டும்:
காற்றின் வேகம்.

சன்னலில் பார்த்தாலே தெரிகிற காற்றுதான்.
நிரலுக்குச் சன்னல் கிடையாது.
அக்கரையில், புந்தா அரேனாஸில் இருக்கும்
சேவையகத்தைத்தான் அது கேட்கும்.
கேட்டது.
இணைப்பு மறுக்கப்பட்டது.

நெவென்கா, விரல்நுனி வெட்டிய கையுறையோடு,
பெயர் கிடைக்கிறதா என்று பார்த்தாள். கிடைத்தது.
முகவரியை இலக்கம் இலக்கமாகப் படித்தாள். சரி.
உயிரோடுதான் இருக்கிறதா என்று
சின்னதாய் ஒரு பொட்டலம் அனுப்பினாள்;
நாற்பது கிலோமீட்டர் உப்புநீர் தாண்டிப் போய்
பதினெட்டு மில்லிவினாடியில் திரும்பியது,
நனையாமல்.
விவரக்குறிப்பைக் கேட்டாள், அதுவும் வந்தது:
என்னென்ன கேட்கலாம், எப்படிக் கேட்கலாம், எல்லாம்.
அப்புறம் காற்றைக் கேட்டாள்.
மறுப்பு.

தொலைபேசியில் எலிசியோ பாரியா, வாயில் ரொட்டியோடு:
"இங்கே நல்லா ஓடுதே."
"தீச்சுவர்?"
"திறந்துதான் கிடக்கு."
"மறுபடி தொடங்கிப் பார்த்தியா?"
"ரெண்டு தடவை. உன் பக்கம்தான் கோளாறு."
உன் பக்கம், என் பக்கம் என்று
கால்மணி நேரம் நீரிணை அகன்றுகொண்டே போனது.

லாரிக்காரர் செகுந்தோ வந்து கண்ணாடியில் தட்டினார்.
ஆடு ஒன்று படுத்துவிட்டதாம்.
எழாவிட்டால் மற்றவை மிதித்துவிடும்.

அப்போதுதான் பதிவேட்டில் அவள் கண் நின்றது,
மறுப்பில் அல்ல, மறுத்த நேரத்தில்.
கேட்டதற்கும் மறுத்ததற்கும் இடையே
பூஜ்யம் மில்லிவினாடி.
கடல் தாண்டிப் போய்வரப் பதினெட்டு ஆகும்.
அக்கரையிலிருந்து எவராலும்
இத்தனை விரைவாக இல்லை என்று சொல்ல முடியாது.

மறுத்தவர் இந்த அறையில் இருக்கிறார்.

திரும்பிப் பார்த்தாள். கணப்பு. கெட்டில்.
மேசைக்கடியில், பழைய கணினி இருந்த இடத்தில்,
தூசியால் வரைந்த சதுரம்.
செவ்வாய்க்கிழமை வரை சேவையும் இங்கேதான் இருந்தது;
கேட்டதும் சொன்னதும் ஒரே பெட்டிக்குள்.

விவரக்குறிப்பின் கடைசி வரிகளுக்கு இறங்கினாள்.
என்னை எங்கே வந்து பார்க்கலாம் என்ற இடத்தில்
அது எழுதியிருந்தது: லோக்கல்ஹோஸ்ட்.
அதாவது, இங்கே.
அங்கே எழுதிய இங்கே.
இக்கரையில் வாசித்ததும்
இந்தக் கணினி ஆகிவிட்ட இங்கே.
நிரல் பாவம், சொன்ன சொல் தட்டாமல்
தன் வீட்டுக் கதவையே வெளியே நின்று தட்டி
ஆளில்லை என்று தானே குரல் கொடுத்திருக்கிறது,
விடியுமுன் தொடங்கி நானூற்றுப் பன்னிரண்டு தடவை.

பொய் என்று சொல்ல முடியாது.
மூன்று வருடம் மெய்யாக இருந்த சொல்.
பெட்டியைத் தூக்கிப் போனவர்கள்
அதன் வாயிலிருந்த சொல்லை இறக்கிவைக்கவில்லை.

நீ இங்கே என்றால் நான் அதை
உங்கே என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.
அப்படி ஒரு சொல் இருந்தது,
எதிரே நிற்பவரின் இடத்துக்கென்றே.
சில வாய்களில் இன்னும் மிச்சம்.
எந்திரங்களுக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை.

"எலிசியோ, அமைவுக் கோப்பில் ஒரே ஒரு சொல்.
எடுத்துவிட்டு உன் கணினியின் முழுப்பெயரை எழுது."
விசைகளின் சத்தம்.
நீண்ட ஒரு மூச்சு.

ஏழு ஐந்துக்கு வந்தது எண்: முப்பத்தெட்டு.
போகலாம்.
செகுந்தோ மீதிச் சில்லறை வாங்காமல் ஓடினார்.
ஆடு எழுந்ததா என்று அவளுக்குத் தெரியாது.

"ஏதாவதென்றால் கூப்பிடு," என்றான் எலிசியோ,
"நான் இங்கேதான் இருப்பேன்."
"எங்கே?" என்றாள்.
அவன் சிரிப்பான் என்று நினைத்தாள்.
கொஞ்சம் யோசித்துவிட்டு,
தெருவின் பெயரைச் சொன்னான், எத்தனையாவது மாடி என்று சொன்னான்,
கதவுக்குப் பச்சை அடித்திருப்பதையும்.