இரண்டாம் விரல்

காலை 5.52.
சோணைமுத்து, டோக்கன் 318.
வைத்த விரல்: இரண்டு.

பதினோரு வருடமாக அவன் வைத்தது முதல் விரல்,
வலது ஆள்காட்டி.
இடது கையையும் ஒரு பேச்சுக்குப் பதிந்து வைத்திருந்தோம்.
இயந்திரத்துக்கு எந்தக் கையானால் என்ன,
நன்றி என்றது, கதவைத் திறந்தது.

6.40க்கு நாலாம் பிரஸ்ஸில் அலறல்.
ஓடினோம்.
துண்டு சுற்றிய கையோடு தரையில் கிடந்தான்.
எல்லோரும் முகத்தைப் பார்த்தார்கள்.
நான் துண்டைப் பார்த்தேன்,
ரத்தம் கறுத்துக் காய்ந்து
மொடமொடவென்று இருந்தது.

ஐஸில் வைத்தால் ஒட்டிவிடலாம் என்றார் யாரோ.
ஜெயசீலி முட்டிபோட்டு
கழிவு ரப்பரைத் துழாவினாள்,
டைக்கு அடியில், தொட்டிக்குள்,
இன்னும் ஆறாத துண்டுகளில் கை சுட்டபடி
அரை மணி நேரம்.
அவள் தேடுவதைப் பார்த்துக்கொண்டேதான் கிடந்தான்
அங்கே இல்லாத விரலின் சொந்தக்காரன்.

நாலாம் நாள் டீக்கடையில் அவனே வந்து உட்கார்ந்தான்.
"யக்கா, ஒங்களுக்குத் தெரியும்னு எனக்குத் தெரியும்.
ஞாயித்துக்கெழம ராத்திரி, செக்கானூரணியில,
மாமனார் வீட்டுத் தட்ட வெட்டுற மிஷினு.
வீட்டுல போனா மருந்து மட்டுந்தான் குடுப்பாக.
இங்க போனா மாசாமாசம், சாகுற மட்டுக்கும்.
போனது ஒரே வெரலுதானக்கா,
எங்க போனா என்ன?"
கிளாஸை இடது கையால் பிடித்திருந்தான்.
பழகவில்லை இன்னும். சட்டையில் சிந்தியது.

கேன்டீன் பாண்டிக்கும் வாடை தெரிந்திருக்கிறது.
"இ.எஸ்.ஐ. காசு யாரு வீட்டுக் காசு?
ஆத்துல போற தண்ணி, அய்யா குடி, அம்மா குடி."
ஆற்றில் எங்கே தண்ணீர் போகிறது, பாண்டி?
பாலத்தைத் தாண்டித்தானே தினமும் வருகிறேன்.

வியாழக்கிழமை ஜெயசீலிக்கு மெமோ.
காப்புத் தகட்டை இறக்காமல் பிரஸ்ஸை ஓட்டவிட்ட குற்றம்.
தகடு ஆடியிலேயே உடைந்துவிட்டது.
கட்டுக்கம்பியில் தொங்குகிறது.
அவள் மூன்று முறை எழுதிக் கொடுத்த காகிதம்
என் மேஜையைத் தாண்டித்தான் போனது.

மெமோவைத் தட்டச்சு செய்ததும் நான்தான்.

5.52ஐ எடுத்து மேலே நீட்டினால் போதும்.
ஒரு தாள். ஒரு வரி. விரல்: இரண்டு.
நியாயம் இவ்வளவு மெலிதாக
என் கையில் வந்ததே இல்லை.

வந்திருக்கிறது.

போன சித்திரையில், அழகர் இறங்கிய அன்று,
ஊர் முழுக்க ஆற்றில் நிற்க
ஒப்பந்தப் பையன்களை வைத்து ஷிப்ட் ஓடியது.
அதே நாலாம் பிரஸ்.
ஒடிசாக்காரன் பிஜய். இரண்டு விரல்.
அந்தத் துண்டில் ரத்தம் காயவில்லை,
என் செருப்பு வரை வந்தது.
மேனேஜர் நாற்காலிக்குப் பின்னால் நின்று
மெதுவாகத்தான் சொன்னார்:
"விடுதின்னு போடும்மா."
போட்டேன்.
விடுதி கதவில் சிக்கி.
"விடுதிக்" என்று வர வேண்டும், ஒற்று விட்டுப்போயிருந்தது.
திரும்பப் போய் அதையும் சரிசெய்தேன்.

ஊருக்கு ரயிலேற்றிய மறுநாள்
அவன் ரேகைகளை நீக்கச் சொன்னார்கள்.
அழிக்கவா என்று கேட்டது இயந்திரம்.
இரண்டு முறை கேட்டது.

பிரஸ்ஸில் போன விரல்கள் கதவில் போயின.
தட்டை மிஷினில் போன விரல் பிரஸ்ஸில் போனது.
நடுவில் நான், ஒரே விசைப்பலகை,
என் பத்து விரலும் பத்திரமாக.

நாளை விசாரணை.
ஜெயசீலி ஊக்கத்தொகையை நம்பி
மகனைப் பாலிடெக்னிக்கில் சேர்த்திருக்கிறாள்.
என்னைப் பார்த்தால் இன்றும் சிரித்தாள்.

ஷிப்ட் முடிந்து, டியூப்லைட் ஒன்றை விட்டுவிட்டு
புதுத் தாள் எடுத்தேன்.
சோணைமுத்து என்று தொடங்கத்தான் நினைத்தேன்.
பேனா பிஜய் என்று எழுதியது.
சரி, அவனிலிருந்துதான் தொடங்க வேண்டும்,
சோணைமுத்து அடுத்த பக்கம்,
இரண்டுக்கும் கீழே என் கையெழுத்து.

பிஜய், தகப்பனார் பெயர்...

கோப்பில் இல்லை. இயந்திரத்தில் இல்லை.
நான்தானே அழித்தேன்.
வாட்ச்மேன் வந்து
இன்னும் போகலையாம்மா என்கிறார்.
கோடு போட்டு இடம் விட்டிருக்கிறேன்.