இரண்டு கிராம்

மூன்றாம் தொட்டி ஆமை
பதினோரு நாளாய் மூழ்கவில்லை.
பின்புறம் தூக்கி, தலை சாய்த்து,
பாதி காலியான எண்ணெய் டின் போல
தண்ணீரின் மேலேயே கிடக்கிறது.
துடுப்புக் கால்களால் தள்ளித் தள்ளி
ஒரு சாண் இறங்கும்.
வயிற்றுக்குள் இருக்கும் காற்று
மறுபடி மேலே இழுத்துவிடும்.

கடலில் இப்படி மிதந்ததைத்தான்
கரிசா பார்த்திருக்கிறான்.
முதுகில் கொட்டலசு, பாசி,
பறவை எச்சம்.
"பாறையென்று நினைத்தேன், கண் சிமிட்டியது" என்றான்.
கிழிந்த வலைக்கும் டீசலுக்குமாய்
டாக்டர் தந்த பணத்தை
எண்ணாமல் சட்டைப்பைக்குள் வைத்தான்.
மரியாதைக்கு.
வாசல் தாண்டியதும் எண்ணினான்.

என் வேலை சல்லடை.
விடிந்ததும் தொட்டியின் அடியில் விழுந்ததை அள்ளி
குழாய்த் தண்ணீரில் அலசி
புல் தனி, சிப்பித் தூள் தனி,
மற்றது தனி.
மற்றதற்குத்தான் நோட்டு.
தேதி. நிறம். எடை. எங்கிருந்து.
கடைசிக் கட்டத்தில் எல்லா வரியிலும்
சின்னதாய் ஒரு கோடு.
எனக்கு முன்னால் வேலை பார்த்தவள் போட்ட கோடு,
அப்புறம் நான் போட்ட கோடு.

ஐந்தாம் நாள் நீலக் கயிறு, விரல் நீளம்.
ஆறாம் நாள் செருப்பு ரப்பர், கடித்த தடத்தோடு.
எட்டாம் நாள் யாருடைய பிறந்தநாளோ,
பலூனின் கழுத்து மட்டும்.
ஒன்பதாம் நாள் ஒன்றுமில்லை.
ஒன்றுமில்லை என்று எழுதுவதா
கட்டத்தை விட்டுவிடுவதா என்று கேட்டேன்.
எழுது என்றார் டாக்டர்.

இன்று வந்தது ஒரு பை.
கண்ணாடி மாதிரி, உள்ளங்கையில் பாதி,
குடலின் வளைவெல்லாம் வளைந்து வந்தது.
வாய் கட்டியிருந்தது.
அடி கிழிந்திருந்தது.
இரண்டு சுற்று, வாலை உள்ளே மடக்கி,
வலமிருந்து இடமாக.

இடக்கைக்காரி போட்ட முடிச்சு.

கிலிஃபி படகுத்துறையில்
ஏழு வருஷம் மபுயு விற்றேன்.
பாவோபாப் விதையைச் சர்க்கரைப் பாகில்
சிவக்கச் சிவக்கப் புரட்டி
பைக்குப் பத்து விதை, பத்து ஷில்லிங்.
பள்ளிக்கூடம் விட்டால்
ஒரு மணி நேரத்தில் அறுபது பை போகும்.
நாக்குச் சிவந்த பிள்ளைகள்
அடியைப் பல்லால் கிழிப்பார்கள்.
என் முடிச்சை ஒருவராலும் அவிழ்க்க முடியாது.
அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை.
வெறும் பை காற்றோடு போகும்.
எங்கே போகிறதென்று
விற்கிறவள் திரும்பிப் பார்ப்பாளா,
அடுத்த பிள்ளை காசை நீட்டிக்கொண்டு நிற்கும்போது?

பிறகு பை கூடாதென்று சட்டம் வந்தது.
காகிதத்தில் பாகு ஒட்டியது.
கடையை விட்டேன்.
தொட்டி கழுவ ஆள் வேண்டுமென்றார்கள்.

கையுறையின் விரலொன்றை வெட்டி
முடிச்சுப் போட்டேன், யோசிக்காமல்,
கை பழகிய வேகத்தில்.
பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.
இந்தக் கரையில்
இடக்கைக்காரிகள் எத்தனையோ பேர் என்று
சொல்லிக்கொண்டேன்,
கொஞ்சம் சத்தமாகவே.

"எவ்வளவு?"
அடுத்த அறையிலிருந்து டாக்டர்.
"ஈரத்தோடு இரண்டு கிராம்."
"நிறம்?"
"நிறமில்லை. சாயம் போய்விட்டது."
"சாயமா?"
"நிறமில்லை" என்றேன்.

நாலாம் கட்டத்தைப் பற்றி அவர் கேட்கவில்லை.
அதை யாரும் கேட்டதே இல்லை.
பேனா அங்கேயே நின்றதில்
மை ஊறி, அடுத்த பக்கத்துக்கும் இறங்கியது.

தீனி நேரம்.
கணவாய்த் துண்டைக் குச்சியில் குத்தி
தண்ணீருக்குள் நீட்டினேன்.
வெளிச்சம் ஊடுருவ
மெல்லிசாய், நிறமில்லாமல் ஆடியது துண்டு.
ஆமை என்னைப் பார்க்கவில்லை.
துண்டைப் பார்த்தது.
கொஞ்சம் யோசிப்பது போலிருந்தது.
வாயைத் திறந்தது.